ஸி நிரல்களைக் கட்டும் கருவிகள்

ஸி என்னும் கம்ப்யூட்டர் பாஷை 1972-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையில் டென்னிஸ் ரிச்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் இப்பாஷை வழக்கொழியவில்லை. லினக்ஸின் உட்கரு இப்பாஷையிலேயே எழுதப்படுகிறது. மழையளவு, நீர்மட்டம் முதலியவற்றைப் பதிவு செய்யும் கருவிகள் பலவற்றினுள்ளும் ஸி நிரல்களே வேலை செய்கின்றன. கல்லூரிகளில் இது கட்டாயப் பாடமாகவும் இருந்து வருகிறது. எனினும், பாஷையைக் கற்பிக்கும் அளவிற்கு, எழுதிய நிரலை இயங்கும் வடிவத்திற்குக் கொண்டுவரும் முறையை ஆசிரியர்கள் கற்பிப்பதில்லை. அம்முறையில் நேரும் பிழைகளுள் மிகவும் தீங்கானவை எவ்வித ஓசையுமின்றி நேர்பவை. ஆதலின் அம்முறையைச் சற்று விரிவாகவே நோக்குதல் அவசியமாகிறது.

ஸி நிரல் ஒன்று பெரும்பாலும் பல மூலக் கோப்புகளாகப் பிரித்து எழுதப்படும். கம்பைலர் ஒவ்வொரு மூலக் கோப்பையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, யந்திரத்திற்குப் புரியும் கட்டளைகளடங்கிய ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்றை ஆக்கித் தரும். பின்னர், லிங்கர் என்னும் வேறொரு நிரல் இந்த ஆப்ஜெக்ட் கோப்புகளையெல்லாம் ஒன்றாக இணைக்கும். பல மூலக் கோப்புகளுக்கும் பொதுவான அளவுகளும் வரையறைகளும் ஹெடர் கோப்பு எனப்படும் தனிக் கோப்பில் எழுதப்பட்டு, கம்பைல் செய்யும் வேளையில் ஒவ்வொரு மூலக் கோப்பினுள்ளும் சேர்த்துக்கொள்ளப்படும். இவ்வேலை முழுவதற்கும் நிரலைக் கட்டுதல் என்று பெயர்.

மூன்று கோப்புகள் கொண்ட நிரலை ஒவ்வொரு முறையும் முழுவதுமாகக் கட்டிவிடலாம். சில விநாடிகளே ஆகும். லினக்ஸ் உட்கருவிலோ 30,000-க்கு மேற்பட்ட ஸி கோப்புகள் உள்ளன. ஒரு வரியைத் திருத்தியதற்காக அத்தனையையும் மறுபடி கம்பைல் செய்வது வீண்வேலை. திருத்தப்பட்டவற்றை மட்டும் கம்பைல் செய்து, மற்றவற்றின் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அப்படியே உபயோகிப்பதே முறை. ஆனால் எவை திருத்தப்பட்டன என்பதை மனிதன் நினைவில் வைத்துக்கொள்ளும்படி விட்டால் தவறு நேராமல் இராது.

மேக் என்னும் கருவி பிறந்ததற்குக் காரணமே அத்தகைய ஒரு தவறுதான். 1976-ஆம் ஆண்டில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் காலைப் பொழுது முழுவதையும் ஒரு நிரலில் பிழை தேடுவதில் செலவிட்டார். பிழையோ முன்னரே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மட்டும் மறுபடி கம்பைல் செய்யப்படவில்லை. சரியான நிரலில் இல்லாத பிழையைத் தேடிய அவர், தம் சகாவான ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனிடம் சென்று தம் விதியை நொந்துகொண்டார். ஃபெல்ட்மனுக்கும் முந்திய நாள் மாலையில் இதே தொல்லை நேர்ந்திருந்தது. அவர் சில நாட்களிலேயே மேக்கின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். அதற்காக 2003-ஆம் ஆண்டில் கம்ப்யூட்டர் விஞ்ஞானிகளின் அமெரிக்கச் சங்கமான ஏ.ஸி.எம். அவருக்கு விருது வழங்கியது.

மேக்கிற்கு வேண்டிய விவரங்கள் மேக்ஃபைல் என்னும் கோப்பில் விதிகளாக எழுதப்படும். ஒவ்வொரு விதியிலும் மூன்று பகுதிகள் உண்டு: ஆக்கப்படவேண்டிய கோப்பு, அது எவற்றைச் சார்ந்துள்ளது என்பது, அதனை ஆக்குவதற்குரிய கட்டளை. திரையில் ரோமன் எழுத்தில் அமையும் விதியொன்றைத் தமிழில் எழுதினால் இவ்வாறிருக்கும்:

சராசரி.ஓ : சராசரி.ஸி மாதம்.ஹெச்
        ஸிஸி -ஸி சராசரி.ஸி

முதல் வரி, ஆப்ஜெக்ட் கோப்பு ஒரு மூலக் கோப்பையும் ஒரு ஹெடர் கோப்பையும் சார்ந்தது எனக் கூறுகிறது. இரண்டாவது வரி கட்டளை. மேக் கோப்புகளின் உட்பொருளைப் படிப்பதே இல்லை. அவை கடைசியாக மாற்றப்பட்ட தேதியையும் நேரத்தையும் மட்டும் ஒப்பிடும். சார்ந்திருக்கும் கோப்புகளுள் ஏதேனும் ஒன்று ஆப்ஜெக்ட் கோப்பைவிடப் புதியதாயின் கட்டளையை நிறைவேற்றும், இல்லையேல் வாளாவிருக்கும். கட்டளை வரியின் தொடக்கத்திலுள்ள இடைவெளி 'டாப்' விசையால் அமைந்ததாக இருத்தல் வேண்டும். வெற்று இடங்களை இட்டால் மேக் வேலை செய்ய மறுத்துவிடும். மாணவர்கள் முதல் நாளிலேயே இடறி விழும் இடம் இதுவே. இந்த ஏற்பாடு சரியன்று என்பதை ஃபெல்ட்மன் விரைவிலேயே உணர்ந்தார். ஆனால் அதற்குள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் மேக்கை உபயோகிக்கத் தொடங்கியிருந்தமையால், அவர்களுக்குத் தொல்லை தரலாகாது என்று மாற்றாமல் விட்டுவிட்டாராம். அந்த ஒரு டஜன் பேருக்குக் காட்டிய இரக்கத்தின் விலையை உலகம் இன்றளவும் கொடுத்து வருகிறது.

டாப் விசைப் பிழையால் பெருந்தீங்கு இல்லை. மேக் உடனே கூச்சலிட்டு நின்றுவிடும். விதியின் முதல் வரியில் ஒரு கோப்பின் பெயரை எழுத மறப்பதே அபாயகரமானது. ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒரு மாதத்தின் மழையளவைக் கணக்கிடும் நிரலில் முதன்மை, தொகு, சராசரி என மூன்று மூலக் கோப்புகள் உள்ளன. மாதத்தின் நாட்கள் 30 என்பது மாதம்.ஹெச் என்னும் ஹெடர் கோப்பில் வரையறுக்கப்பட்டுள்ளது. தொகு.ஸி நாள்தோறும் பெய்த மழையைக் கூட்டுகிறது, சராசரி.ஸி அக்கூட்டுத்தொகையை நாட்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது. மேக்ஃபைல் எழுதியவர் எந்த விதியிலும் மாதம்.ஹெச் கோப்பின் பெயரைச் சேர்க்கவில்லை என்க.

மாதத்திற்கு 31 நாட்கள் வந்ததும் அலுவலர் ஹெடரில் 30 என்பதை 31 என மாற்றுகிறார். அன்றே தொகு.ஸி கோப்பிலும் வேறொரு சிறு திருத்தம் செய்கிறார். மேக்கை இயக்கினால், தொகு.ஸி மட்டும் புதியதாகத் தோன்றுவதால் அது மட்டுமே கம்பைல் ஆகும். ஹெடர் மாறிய செய்தி மேக்கிற்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் 10 மில்லிமீட்டர் மழை பெய்ததாகக் கொண்டால், புதிய தொகு 31 நாட்களையும் கூட்டி 310 என்கிறது. பழைய சராசரியோ அதனை 30-ஆல் வகுத்து 10.33 என்கிறது. விடை 10 அல்லவா? மூலக் கோப்புகளை எத்தனை முறை படித்தாலும் அவற்றில் தவறு காணமுடியாது. கம்பைலரும் எச்சரிக்கவில்லை, லிங்கரும் தடுக்கவில்லை. மேக்கை மறுபடி இயக்கினால், செய்யவேண்டியது எதுவுமில்லை என்று அமைதியாக விடையளிக்கும். 10.33 என்பது நம்பத்தகாத எண்ணும் அன்று. ஆதலால் அட்டவணையில் அப்படியே ஏறிவிடும். விடை ஆயிரக்கணக்கில் பிசகியிருந்தால் எவரேனும் கண்டுபிடித்திருப்பர்.

இதற்குப் பரிகாரம் உண்டு. ஒரு மூலக் கோப்பு எந்தெந்த ஹெடர்களைச் சேர்த்துக்கொள்கிறது என்பதைக் கம்பைலர் நன்கறியும். ஜி.ஸி.ஸி. கம்பைலருக்கு எம்.எம்.டி. என்னும் குறிப்பைக் கொடுத்தால், அந்தச் சார்புகளை மேக்கிற்குரிய விதி வடிவிலேயே தனிக் கோப்பாக எழுதித் தரும். அதனை மேக்ஃபைலில் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதிவிட்டால், மனிதனின் ஞாபகத்தை நம்பவேண்டியதில்லை. தொடக்க வகுப்பிலேயே இதனைக் கற்பிப்பது நலம்.

கடிகாரத்தைப் பற்றியும் களப் பணியாளர்களுக்கு ஒரு சொல் கூறவேண்டும். மின்சாரம் நின்ற வேளையில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டுவது நாணயம் போன்றதொரு சிறு பாட்டரி. அது தீர்ந்துவிட்டால், இணைய வசதியற்ற இடத்தில் கம்ப்யூட்டரின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடக்கூடும். அந்நிலையில் திருத்திய மூலக் கோப்பு, முன்னரே உள்ள ஆப்ஜெக்ட் கோப்பைவிடப் பழையதாகத் தோன்றும். மேக் அதனைத் தொடாது. க்னூ மேக் கடிகாரத்தில் கோளாறு என ஓர் எச்சரிக்கையை அச்சிடும். ஆனால் வேலையை நிறுத்தாது. பல வரிகள் ஓடும் திரையில் அந்த ஒரு வரி எளிதில் கண்ணில் படுவதில்லை. தேதியைச் சரிசெய்த பின்னர், மேக் கட்டளையுடன் பெரிய எழுத்து 'பி' என்னும் குறிப்பைச் சேர்த்து அனைத்தையும் ஒரு முறை புதிதாகக் கட்டிவிடுதல் உத்தமம்.

மேக் தீர்ப்பது காலத்தைப் பற்றிய பிரச்சினையை. இடத்தைப் பற்றிய பிரச்சினை வேறு. ஒரு கம்ப்யூட்டரில் எழுதிய நிரல் மற்றொன்றில் அப்படியே கட்டப்படும் என்பது நிச்சயமில்லை. ஸி பாஷையின் விதிகள் 'இன்ட்' என்னும் முழு எண்ணிற்குக் குறைந்தபட்சம் 16 பிட் இருந்தால் போதும் என்கின்றன. சிறு கருவிகள் சிலவற்றில் அவ்வளவே உண்டு, மேசைக் கம்ப்யூட்டர்களில் 32 பிட் உண்டு. ஒரு யந்திரத்திலுள்ள நூலகம் வேறொன்றில் இராது. 1991-ஆம் ஆண்டில் க்னூ நிரல்கள் பலவற்றைப் பராமரித்து வந்த டேவிட் மக்கென்ஸி இந்தத் தொல்லையை நீக்குவதற்காக ஆட்டோகான்ஃப் என்னும் கருவியை எழுதத் தொடங்கினார். அது கான்ஃபிகர் என்னும் கட்டளைக் கோப்பை ஆக்கித் தருகிறது. நிரலைப் பெறுகிறவர் முதலில் கான்ஃபிகரையும், பிறகு மேக்கையும் இயக்குவார்.

கான்ஃபிகரின் வேலைமுறை எளியது. யந்திரத்தின் பெயரைக் கேட்டு ஊகம் செய்வதை இயன்றவரை தவிர்த்து, ஒவ்வொரு வசதிக்கும் நான்கைந்து வரி கொண்ட சோதனை நிரல் ஒன்றை அங்கேயே எழுதிக் கம்பைல் செய்து பார்க்கிறது. கம்பைல் ஆனால் அவ்வசதி உண்டு, ஆகாவிட்டால் இல்லை. முடிவுகள் ஒரு ஹெடர் கோப்பிலும் மேக்ஃபைலிலும் எழுதப்படுகின்றன. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஸீமேக் முதலிய பிற்காலக் கருவிகளும் இந்தச் சோதனை முறையைக் கைவிடவில்லை.

இம்முறையின் பலவீனத்தையும் உணர்ந்திருத்தல் வேண்டும். சோதனை நிரல் கம்பைல் ஆகாமைக்கு வசதி இல்லாமை ஒன்றே காரணமன்று. உதாரணமாக, சுருக்கப்பட்ட கோப்புகளைப் படிக்க உதவும் ஸீலிப் நூலகம் கம்ப்யூட்டரில் இருக்கும். ஆனால் டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அதன் ஹெடர் கோப்புகள் 'டெவ்' என்று பெயர் முடியும் தனிப் பொதியில் வருகின்றன. அப்பொதியை நிறுவாவிடில் கான்ஃபிகர் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு மேலே செல்லும். ஸீலிப் இன்றியும் இயங்கக்கூடிய நிரலாயின், கட்டும் வேலை குறைவின்றி முடிந்துவிடும். சுருக்கப்பட்ட தரவுக் கோப்பைத் திறக்க முயலும் நாளில்தான், நிரலுக்கு அத்திறமை இல்லையென்பது தெரியவரும். அந்நாள் பெரும்பாலும் ஊரைவிட்டு நெடுந்தூரம் சென்ற பின்னரே வருகிறது.

இப்பலவீனத்தை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இஸட். என்னும் பொது உபயோக நிரலின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்தது 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் தேதி வெளியாயிற்று. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் எஞ்சினீயர், தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாவதைக் கண்டு ஆராய்ந்ததால் அது பிடிபட்டது. கள்ளவழி அனைவரும் பார்க்கும் மூல நிரலில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. சோதனைக்கான தரவுக் கோப்புகளுக்குள் மறைத்து வைக்கப்பட்டு, வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்க்கப்பட்ட ஒரு கட்டளைக் கோப்பின் வாயிலாக, கான்ஃபிகர் இயங்கும் வேளையில் வெளியே எடுக்கப்பட்டது. அதே நிரலின் ஸீமேக் கோப்பில் வேறொரு சூழ்ச்சியும் காணப்பட்டது. லேண்ட்லாக் என்னும் காப்பு வசதி உண்டா எனப் பார்க்கும் சோதனை நிரலில் ஒரு வரியின் தொடக்கத்தில் தனியே ஒரு புள்ளி வைக்கப்பட்டிருந்தது. அப்புள்ளியினால் அச்சோதனை எந்த யந்திரத்திலும் கம்பைல் ஆகாது. ஆகவே காப்பு வசதி எங்கும் 'இல்லை' என்றே முடிவாகி, நிரல் அக்காப்பின்றிக் கட்டப்பட்டது. ஒரே ஒரு புள்ளி!

மெய்யான 'இல்லை'யையும் பொய்யான 'இல்லை'யையும் பிரித்தறிய வழியுண்டு. கான்ஃபிகர் தான் செய்த ஒவ்வொரு சோதனையையும், கம்பைலர் கூறிய விடையையும், சோதனை தோல்வியுற்றிருந்தால் அதன் சோதனை நிரலையும் கான்ஃபிக்.லாக் என்னும் கோப்பில் எழுதி வைக்கிறது. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கோப்பாதலால் பலர் அதனைத் திறப்பதேயில்லை. திரையில் 'இல்லை' என்று வந்த சோதனையின் பெயரை அதில் தேடி, அதனடியில் கம்பைலர் கூறியதைப் படித்தல் வேண்டும். ஹெடர் கோப்பு அகப்படவில்லை என்றிருந்தால் உரிய பொதியை நிறுவலாம். நூலகத்தில் அந்தச் செயற்கூறு இல்லையென்று லிங்கர் கூறியிருந்தால் அது பெரும்பாலும் மெய்யான 'இல்லை'. சோதனை நிரலின் வரியிலேயே இலக்கணப் பிழை என்றிருந்தால், சோதனையே பழுதானது; அம்முடிவை ஏற்கலாகாது.

வகுப்பில் இதனைச் செய்து காட்டுவதற்கு ஒரு பாட வேளை போதும். ஸீலிப்பின் 'டெவ்' பொதியை நீக்கிவிட்டு, அந்நூலகத்தை விருப்பமாக ஏற்கும் ஏதேனுமொரு நிரலில் கான்ஃபிகரை இயக்கி, மாணவர்களைக் கான்ஃபிக்.லாகில் காரணத்தைத் தேடச் செய்யலாம். பின்னர் பொதியை மறுபடி நிறுவி, கான்ஃபிகர் கோப்பின் பிரதியொன்றில் ஸீலிப்பைத் தேடும் சோதனை நிரலினுள் ஆசிரியர் ஒரு புள்ளியை இட்டு, அதே வேலையைக் கொடுக்கலாம். திரையில் இரு முறையும் ஒரே விடைதான் தோன்றும்.