மனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டா

“முதலில் உடம்பு தேறட்டும், மகிழ்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” நெடுநாள் நோயுற்றோர் பலர் இவ்வாறு எண்ணுகின்றனர். அவர்களைப் பராமரிப்போரும் தம் விருப்பங்களை அவ்வாறே தள்ளிவைக்கின்றனர். ஆனால் நீரிழிவு, சிறுநீரக நோய், பக்கவாதத்தின் பாதிப்பு ஆகியவை ஆண்டுக்கணக்கில் உடன் இருப்பவை. அத்தனை காலமும் மகிழ்ச்சியை ஒத்திவைக்க இயலாது.

சோர்வு வளரும் விதம்

மனம் சோர்ந்தால் நாம் செயல்களைக் குறைக்கிறோம். வாசலுக்கு வருவதில்லை, உறவினரிடம் பேசுவதில்லை. அதனால் மனத்துக்கு இதமான நிகழ்ச்சிகள் குறைகின்றன. அவை குறையக் குறையச் சோர்வு மேலும் பெருகுகிறது. இச்சுழலை உடைக்க எளிய இடம் செயலே. மனம் வந்தபின் செயல் என்பதை மாற்றி, சிறு செயலை முதலில் தொடங்கினால் மனம் மெல்லப் பின்தொடரும்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில், பயன்தரும் செயல்களை மீண்டும் தொடங்க நோயாளிகளுக்குத் துணைநின்றனர். மூன்று மாதங்களுக்குப்பின், இவ்வுதவியையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேருக்குச் சோர்வின் கடுமை தணிந்திருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 பேருக்கே தணிந்திருந்தது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. கவனித்தல்: ஒரு வாரம், எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள், அப்போது மனம் எப்படி இருந்தது என்பதைப் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பிட்டு எழுதுங்கள். எது இதமளிக்கிறது என்பது தானே விளங்கும்.

2. ஒன்றைத் தேர்தல்: பத்து நிமிடத்தில் முடியும் செயல் போதும். ரோஜாச் செடிக்கு நீர் ஊற்றலாம். படுக்கையில் இருப்பவர் சமையலுக்கு அவரைக்காய் உரித்துத் தரலாம். “என்னாலும் ஆகிறது” என்ற நிறைவும் மகிழ்ச்சியே.

3. கூறுபோடுதல்: பக்கவாதத்திலிருந்து மீள்பவருக்குச் சந்திரசூடேசுவரர் மலைக்குச் செல்லும் ஆசை இருக்கலாம். இவ்வாரம் வாசற்படி, அடுத்த வாரம் தெருமுனை என்று மருத்துவரின் ஒப்புதலுடன் முன்னேறுங்கள். டயாலிசிஸ் செய்துகொண்ட நாளில் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

4. நேரம் குறித்தல்: தொழிற்சாலையில் பணிபுரியும் பராமரிப்பாளருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அவர் மணியைக் குறிக்காமல், “தூங்கி எழுந்து தேநீர் அருந்தியவுடன்” என ஒரு வழக்கத்தோடு தமக்குரிய பத்து நிமிடத்தை இணைத்துக்கொள்ளலாம்.

5. துணை தேடுதல்: பிழைப்புக்காக ஓசூருக்கு வந்த பல குடும்பங்களின் உறவினர் தொலைவில் உள்ளனர். அண்டை வீட்டார் தெலுங்கோ கன்னடமோ பேசுபவராயினும் நலம் விசாரிக்க மொழி தடையாகாது. பராமரிப்பாளர் வாரம் ஒருமுறையேனும் வெளியே சென்றுவர, “ஒரு மணி நேரம் இவரோடு இருக்க முடியுமா?” என்று அவர்களிடம் கேட்கத் தயங்க வேண்டா.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதன் பணியாளர் இரத்த அழுத்தம் பார்க்க உங்கள் இல்லத்துக்கு வரும்போது, மனநிலையையும் அவரிடம் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

இம்முயற்சிகள் மருந்துக்கு மாற்று அல்ல. எம்மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது. இரண்டு வாரங்களுக்கு மேல் துயரம் நீடித்தாலோ, உறக்கமும் உணவும் கெட்டாலோ மருத்துவரிடம் கூறுங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால் நோயாளியைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

இன்றைய பயிற்சி

உறங்குமுன், நாளை செய்யப்போகும் ஒரே ஒரு சிறு செயலையும் அதற்குரிய வேளையையும் ஒரு தாளில் எழுதி, மாத்திரைப் பெட்டியின்மேல் வையுங்கள். மாத்திரை எடுக்கும்போது அது கண்ணில் படும். மனம் இசைகிறதா என்று கேளாமல் தொடங்கிவிடுங்கள். முடித்தபின் மனத்தின் அளவைக் குறித்துவைத்து, அடுத்த முறை வரும்போது அத்தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.