ஊழியக் களத்தில் முதல் நாட்கள்

வேத பகுதி: எசேக்கியேல் 3:10-16, அப்போஸ்தலர் 14:8-18



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்தபின் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்கள்: "ஐயா, மிஷனரி ஊழியத்துக்குப் போறவங்க முதல்ல ரெண்டு மூணு வருஷம் பாஷை படிக்கணும்னு சொல்றீங்களே. பெந்தெகொஸ்தே நாள்ல ஆவியானவர் ஒரு நிமிஷத்துல பாஷையைக் கொடுத்தாரே. நமக்கும் அதே அபிஷேகந்தானே? அப்புறம் எதுக்குப் படிக்கணும்?"

சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ஆதிப் பெந்தெகொஸ்தே விசுவாசிகளே இதைக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், கப்பல் ஏறிப் போயும் பார்த்தார்கள். ஊழியப் பயணத்துக்காக நம் வாலிபர் சிலர் ஜெபித்துவருகிற இந்த நாட்களில், அந்தச் சரித்திரத்தை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

1906 ஏப்ரலில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில், அசுசா தெருவில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பின ஊழியர் மூலமாக எழுப்புதல் பற்றியெரிந்ததை நீங்கள் அறிவீர்கள். அதே பட்டணத்தில் வேறொரு சபைக்குப் போதகராக இருந்த ஆல்ஃபிரட் கார் என்பவரும் அந்த வருஷம் அபிஷேகம் பெற்றார். தாம் பேசின அந்நிய பாஷை வங்காள மொழி என்று அவர் விசுவாசித்தார். அவருடைய மனைவி லில்லியனுக்கு சீன பாஷையும் திபெத்திய பாஷையும் கிடைத்தன என்று எண்ணினார்கள். மிஷனரிகள் இனிப் பாஷை படிக்க வேண்டியதில்லை, ஆவியானவரே கொடுப்பார் என்று சார்லஸ் பர்ஹாம் போன்றவர்கள் அதற்கு முன்பே போதித்துவந்தார்கள். கார் தம்பதியர் சபையை விட்டு, கைக்குழந்தையோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். 1907-ம் வருஷ ஆரம்பத்தில் அங்கே ஊழியத்தைத் தொடங்கினார்கள்.

வாயைத் திறந்தார்கள். கேட்ட வங்காளிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இந்த இடத்தில் சிலர் பரியாசம் பண்ணுவார்கள். "பாத்தீங்களா, பெந்தெகொஸ்தேக்காரங்க பாஷை எல்லாம் இவ்வளவுதான்" என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கார் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்பவில்லை. பெற்ற அபிஷேகம் பொய் என்று மறுதலிக்கவும் இல்லை. கல்கத்தாவிலேயே தங்கி, அங்கிருந்த மிஷனரிகளுக்கு ஆங்கிலத்தில் கூட்டங்கள் நடத்தினார். லால் பஜார் பாப்டிஸ்ட் ஆலயத்தின் போதகர் அவருக்குக் கதவைத் திறந்துகொடுத்தார். பலர் ஆவியின் நிறைவைப் பெற்றார்கள். அந்நிய பாஷை துதிக்கவும் ஜெபிக்கவும் பக்திவிருத்தி அடையவும் கொடுக்கப்படுகிறது, சுவிசேஷம் சொல்லும் பாஷையாகவே எப்போதும் வந்தாகவேண்டும் என்பதில்லை என்று கார் அதன்பின் போதித்தார். அதே வருஷம் அக்டோபரில் ஹாங்காங் போனபோது, மோக் லாய் சீ என்ற சீன சகோதரர் அவருடைய பிரசங்கத்தை மொழிபெயர்த்தார். அந்த ஊரில் தங்கள் சின்ன மகளைக் கார் தம்பதியர் அடக்கம் பண்ணவும் நேர்ந்தது. அவ்வளவு விலை கொடுத்தவர்களைப் பற்றி நாம் லேசாகப் பேசக்கூடாது.

இப்போது வேதத்துக்கு வருவோம். அப்போஸ்தலர் 2-ம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பல தேசத்து யூதர்கள் தங்கள் தங்கள் பாஷையில் கேட்டது என்ன? தேவனுடைய மகத்துவங்களை (11-ம் வசனம்). அது துதி. 14-ம் வசனத்தில்தான் பேதுரு எழுந்து நின்று பிரசங்கம் பண்ணுகிறார். மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டது அந்தப் பிரசங்கத்தின் முடிவில். ஜனங்களைக் கூட்டிச் சேர்த்தது அற்புதம். அவர்கள் இருதயத்தைக் குத்தினது விளங்கின வார்த்தை. தேவன் நினைத்தால் இன்றைக்கும் ஒருவருக்கு அறியாத பாஷையைக் கொடுத்து, கேட்பவனுக்கு அது விளங்கும்படி செய்ய வல்லவர். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதை நம்பிப் பாஷைப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவது விசுவாசம் அல்ல.

லீஸ்திராவில் நடந்ததைப் பாருங்கள். பவுல் எல்லாரைக்காட்டிலும் அதிகமாய் அந்நிய பாஷை பேசுகிறவர் என்று தாமே 1 கொரிந்தியர் 14:18-ல் சொல்லுகிறார். அவர் அங்கே ஒரு சப்பாணியை நடக்கச் செய்கிறார். அற்புதம் நடந்தாயிற்று! ஜனங்கள் லிக்கவோனியா பாஷையில் கத்துகிறார்கள். பர்னபா யூப்பித்தராம், பவுல் மெர்க்கூரியாம். எருதும் பூமாலையும் வாசலுக்கு வருகிற வரைக்கும் அப்போஸ்தலர் தடுத்ததாக எழுதப்படவில்லை. பலியிடப் போகிறார்கள் என்று அறிந்த பிறகே வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறார்கள். அந்தக் கூச்சல் அவர்களுக்கு விளங்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். அற்புதத்தைக் கண்ட ஜனம் அதைத் தன் பழைய கதைக்குள்ளேயே வைத்துப் புரிந்துகொண்டது. புது ஊரில் கால்வைத்த உடனே மேடை போட ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பகுதியை ரெண்டு தரம் வாசிக்கவேண்டும்.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் காரியம் இன்னும் ஆச்சரியம். 3-ம் அதிகாரத்தில் கர்த்தர், விளங்காத பேச்சுள்ள ஜனத்தினிடத்துக்கு உன்னை அனுப்பவில்லை, இஸ்ரவேல் வீட்டாரிடத்துக்கே அனுப்புகிறேன் என்கிறார். ஒரே பாஷை, ஒரே ஜனம். புஸ்தகச் சுருளைத் தின்றாயிற்று, ஆவியானவர் தூக்கிக்கொண்டும் போய்விட்டார். கேபார் நதியண்டையில் தெலாபீபிலே சிறைப்பட்டவர்கள் இருக்கிற இடத்தில் அவர் என்ன செய்தார்? அவர்கள் உட்கார்ந்த இடத்தில் தாமும் உட்கார்ந்தார். ஏழு நாள் திகைத்துப்போய் இருந்தார். ஏழாம் நாள் முடிந்தபின்தான் அவருக்குக் கர்த்தருடைய வார்த்தை உண்டாயிற்று. சொந்த ஜனத்திடம் போன தீர்க்கதரிசிக்கே ஏழு நாள் மௌனம் தேவைப்பட்டது. வேறு தேசத்துக்குப் போகிற நமக்கு எவ்வளவு வேண்டும்?

கல்கத்தா லால் பஜார் ஆலயத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? கார் அங்கே வருவதற்கு ஏறக்குறைய 95 வருஷத்துக்கு முன், 1812 செப்டம்பர் 6-ம் தேதி, அதே ஆலயத்தில் இன்னொரு அமெரிக்கத் தம்பதியர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆன் அம்மையாரும். பாப்டிஸ்ட் மிஷனரியான வில்லியம் கேரியைச் சந்தித்தால் ஞானஸ்நானத்தைக் குறித்து வாதாட வேண்டிவருமே என்று கப்பலிலேயே கிரேக்க வேதத்தை ஆராயத் தொடங்கினவர் ஜட்சன். ஆராய்ந்து முடித்தபோது தாமே தண்ணீரில் இறங்க ஆயத்தமாகிவிட்டார்! அதனால் தம்மை அனுப்பின சங்கத்தின் ஆதரவை விட்டுவிட வேண்டியதாயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை வங்காளத்தில் இருக்கவிடவில்லை. மொரிஷியஸ் தீவுக்குப் போனார்கள். அங்கிருந்து 1813 ஜூன் மாதம் நம்முடைய சென்னைக்கு வந்தார்கள். இங்கேயும் தங்கினால் கம்பெனி பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடும். துறைமுகத்தில் உடனே புறப்படுகிற கப்பல் ஒன்றே ஒன்றுதான். அது ரங்கூனுக்குப் போகிறது. ஏறினார்கள். நடுக்கடலில் ஆன் அம்மையாருக்குப் பிரசவமாகி, குழந்தை செத்துப் பிறந்தது.

ஜூலை 13-ம் தேதி ரங்கூன், இன்றைய யாங்கோன், வந்து சேர்ந்தார்கள். அங்கே அது மழைக்காலம். ஜட்சன் மாத்திரம் கரையிறங்கி ஊரைப் பார்த்துவிட்டு மனம் சோர்ந்து திரும்பினார். அன்று இரவு கப்பலில் இருவரும் துக்கத்தோடே இருந்தார்கள். ஆன் அம்மையாருக்கு நடக்கப் பெலன் இல்லாததால், ஒரு நாற்காலியில் மூங்கில் கட்டி ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்த மிஷன் வீடு ஊர் மதிலுக்கு வெளியே, குற்றவாளிகளைக் கொல்லுகிற இடத்துக்குச் சமீபத்தில் இருந்தது. அவருக்கு வயது 24, அம்மையாருக்கு 23. வரவேற்புக் கூட்டம் இல்லை, மாலை இல்லை, புகைப்படம் இல்லை. (இந்நாட்களில் சிலர் இறங்கின அன்றைக்கே "ஆயிரங்கள் சந்திக்கப்பட்டார்கள்" என்று அறிக்கை அனுப்புகிறார்கள். கர்த்தர் அறிவார்.)

பிறகு என்ன செய்தார்கள்? படித்தார்கள். ஆங்கிலம் ஒரு வார்த்தைகூடத் தெரியாத ஒரு பண்டிதரை ஆசிரியராக வைத்துக்கொண்டார்கள். பொருளைச் சுட்டிக்காட்டி, அவர் சொல்லுகிற பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார்கள். பெண்ணுக்குப் பாடம் சொல்லுவது தம் கௌரவத்துக்குக் குறைவு என்று அந்தப் பண்டிதர் முதலில் நினைத்தார். பர்மிய எழுத்தோ, நம் பழைய ஓலைச்சுவடியைப் போலவே பனையோலையில் கீறினது. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. ஜட்சன் நாள் முழுவதும் ஓலைக்குமுன் உட்கார்ந்தார். வீட்டுக் காரியம் முழுவதையும் ஆன் அம்மையார் பார்த்துக்கொண்டார். வேலைக்காரரிடம் பேசவேண்டும், சந்தைச் சாமானுக்குச் சொல்லவேண்டும். அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? பேச்சுப் பாஷையில் புருஷனைவிட அம்மையார் முந்திக்கொண்டார்! சகோதரிகளே, இதைக் கவனியுங்கள். பயணக் குழுவில் "நீங்க சமையலைப் பாத்துக்கோங்க" என்று சொன்னால் வருத்தப்படாதிருங்கள். அரிசி கழுவிக்கொண்டே அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பழகுகிற வார்த்தைகள் மேடையில் கிடைக்காது. ஆனால் ஒன்று, சகோதரர்களும் அந்தச் சமையலறைக்கு வந்து பாத்திரம் கழுவினால் அவர்களுக்கும் நல்லது.

ஜட்சன் பர்மிய பாஷையில் வெளியரங்கமாய்ப் பிரசங்கிக்கத் தொடங்கினது 1819 ஏப்ரலில். வழிப்போக்கர் தங்கும் நம்ம ஊர்ச் சாவடி மாதிரி, பாதையோரம் ஒன்றைக் கட்டி அதில் உட்கார்ந்தார். அந்த வருஷம் ஜூன் 27-ம் தேதி மவுங் நாவ் என்ற முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றார். வந்திறங்கி ஆறு வருஷம் ஆகப்போகிறது. அதற்குள் இன்னொரு குழந்தையையும் அடக்கம் பண்ணியிருந்தார்கள். 1834-ல் வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தார். அந்த வேதத்தைத்தான் மியான்மர் விசுவாசிகள் இன்றைக்கும் கையில் வைத்திருக்கிறார்கள்.

"பாஸ்டர், நாங்க போறது பத்து நாளுக்குத்தானே, ஆறு வருஷம் எங்கே உட்கார்றது?" என்று வாலிபர் கேட்பீர்கள். நியாயம்தான். எருசலேமுக்கு வந்த நெகேமியா மூன்று நாள் இருந்தபின்தான் இராத்திரியில் எழுந்து அலங்கத்தைப் பார்க்கப் போனார் (நெகே. 2:11-13). பத்து நாளில் முதல் மூன்று நாளை அந்த ஊர்ச் சபைக்குக் கொடுங்கள். அவர்கள் ஆராதனையில் பின்வரிசையில் உட்காருங்கள். "ஸ்தோத்திரம்", "நன்றி", "உங்க பெயர் என்ன", "மன்னியுங்க" என்பவற்றை அவர்கள் பாஷையில் கற்றுக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்கப் போகிற சகோதரனோடு முந்தின நாளே உட்கார்ந்து, செய்தியை வசனம் வசனமாய்ச் சொல்லிக் கேளுங்கள். நம்முடைய எதுகை மோனையெல்லாம் அங்கே செல்லாது. அவர் தயங்குகிற இடத்தில் வாக்கியத்தை மாற்றுங்கள்.

சரீரத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. உஷ்ண தேசத்தில் முதல் நாட்களில் வியர்வையும் வயிறும்தான் முதலில் பேசும். கொதிக்கவைத்த தண்ணீரையே குடியுங்கள். இராத்திரி கொசுவலைக்குள் படுங்கள், மலேரியாக் கொசு கடிப்பது பெரும்பாலும் இராத்திரியில்தான். மருத்துவர் சொல்லும் தடுப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அது அவிசுவாசம் அல்ல. தெய்வீக சுகத்தை நானும் பிரசங்கிக்கிறேன். ஆனாலும் பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு யோசனை சொன்னார் (1 தீமோ. 5:23), துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்தார் (2 தீமோ. 4:20). ஆன் அம்மையாரும் 1815-ல் வைத்தியத்துக்காக ரங்கூனிலிருந்து சென்னைக்குக் கப்பலில் வந்துபோனார். மருந்தே வேண்டாம் என்று ஆப்பிரிக்காவுக்குப் போன ஆதிப் பெந்தெகொஸ்தே மிஷனரிகள் சிலர் காய்ச்சலில் மாண்டுபோனார்கள். அவர்கள் வைராக்கியத்தை மதிக்கிறேன். அவர்கள் பிள்ளைகளை நினைத்தால் மனம் வலிக்கிறது. இன்னொன்று: கொசு கடித்து ஒரு வாரம் கழித்தோ, அதற்கும் பிந்தியோதான் மலேரியா தலைகாட்டும். சில வகை மாதங்கள் கழித்தும் வரும். ஆகவே வீடு திரும்பினபின் காய்ச்சல் கண்டால், எந்த ஊருக்குப் போய்வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "அம்மா, தினமும் காலையில முழங்கால்ல நின்னு அந்நிய பாஷையில ஜெபிங்க. எழுந்ததும் நோட்டை எடுத்து அந்த ஊர்ப் பாஷையைப் படிங்க. ரெண்டுக்கும் சக்தி கொடுக்கிறவர் ஒருத்தர்தான்." அவர்கள் சிரித்துக்கொண்டே, "நோட்டு வாங்கிட்டேன் ஐயா" என்றார்கள்.

இந்த மாத வீட்டு ஜெபக்கூட்டங்களில் அப்போஸ்தலர் 14-ம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். 19-ம் வசனத்தில் பவுல் கல்லெறியப்படுகிறார், 21-ல் அதே ஊருக்குத் திரும்பிப் போகிறார். பின்பு 16:1-2-ஐயும் வாசித்து, அந்தப் பக்கத்திலே அவருக்குக் கிடைத்த வாலிபன் யார், அவனைக் குறித்து நற்சாட்சி கொடுத்தவர்கள் எந்த ஊர்ச் சகோதரர் என்று கலந்து பேசுங்கள். பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிற வாலிபர் வியாழக்கிழமை மாலை ஆராதனைக்கு முன்னதாக வந்து என்னைப் பார்க்கவும். கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள்.