பிள்ளைகளின் சொல்லுக்கும் சபையில் இடம் கொடுப்போம்



இந்த மாதப் பாடத்தை வீட்டில் பிள்ளைகளையும் உட்கார வைத்து, சேர்ந்து படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பருவநிலை மாற்றத்தைப் பற்றிய பாடம் இது. அதிலும் நம் பிள்ளைகளை வேடிக்கை பார்ப்பவர்களாக நிறுத்திவிடாமல், முன்நின்று செயல்படுபவர்களாக எப்படி ஆக்குவது என்பதைப் பற்றியது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு காற்றில் தங்கி, பூமியின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் உலகின் சராசரி வெப்பம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஒரு டிகிரி என்றால் சிறியதாகத் தோன்றும். ஆனால் காற்று சூடாகும்போது அது கூடுதல் ஈரத்தைச் சுமக்கிறது. அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது, காய்ந்தால் நீண்ட நாள் காய்கிறது.

நம் பகுதி இரண்டையும் கண்டிருக்கிறது. 2015 நவம்பர், டிசம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தை வெள்ளம் புரட்டிப் போட்டது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. நமக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அது தவறினாலும் துன்பம், ஒரேயடியாகக் கொட்டினாலும் துன்பம்.

பட்டுத்தறியை நம்பி வாழும் ஊர்ப்பக்கம் இது. மழை விடாமல் பெய்தால் தெருவில் பாவு விரிக்க முடியாது. குழித்தறிக்குள் நீர் கசிந்தால் நெசவு நின்றுவிடும். தறி நின்றால் கூலி நிற்கும். கோடையில் தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே உட்கார்ந்து வேலை செய்பவரின் நிலை நமக்குத் தெரியும். ஆகவே இது எங்கோ பனிமலை உருகும் கதை மட்டுமல்ல, நம் வீட்டு அடுப்பு எரிவதைப் பற்றிய விஷயமும்தான்.

இதில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் குழந்தைகள். யுனிசெஃப் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, உலகின் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர், அதாவது சுமார் 100 கோடிப் பேர், மிகக் கடுமையான ஆபத்துள்ள நாடுகளில் வாழ்வதாகக் கணக்கிட்டது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. கேட்டை உண்டாக்கியதில் மிகக் குறைந்த பங்கு அவர்களுடையது. அதை அனுபவிக்கப்போகும் காலமோ நம்மைவிட நீண்டது.

திருவண்ணாமலைச் சிறுமி கற்றுத் தரும் பாடம்

நமக்குப் பக்கத்து ஊர்க்காரரின் கதையைப் பார்ப்போம். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் பள்ளி மாணவியாக இருந்தபோது, தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் குப்பையில் கொட்டுவதைக் கவனித்தார். நாம் எல்லோரும் தினமும் பார்க்கும் காட்சிதான். அவர் அங்கேயே நின்று யோசித்தார். ஒரு வண்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ கரி தேவைப்படுகிறது. அந்தக் கரிக்காக மரம் வெட்டப்படுகிறது. புகையை முதலில் சுவாசிப்பவர் பெட்டியைப் பிடித்திருக்கும் அந்தத் தொழிலாளி. சாம்பலோ மண்ணுக்கும் நீருக்கும் போகிறது.

இதற்கு மாற்றாக அவர் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். வண்டியின் கூரையில் சூரியத் தகடுகள், கீழே பேட்டரி. நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் நின்றால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம். அந்த வண்டியிலேயே கைப்பேசிக்கு மின்னூட்டும் வசதியைச் சேர்த்து, தொழிலாளிக்குக் கூடுதல் வருமானத்துக்கும் வழி வைத்தார். தேசியப் புத்தாக்க நிறுவனம் வழங்கும் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் பெயரிலான இக்னைட் விருது 2019-இல் அவருக்குக் கிடைத்தது. 2020-இல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு கிடைத்தது. 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானார். அதே ஆண்டு நவம்பரில், கிளாஸ்கோ நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் பேசினார். அப்போது அவர் பத்தாம் வகுப்பு மாணவி. தலைவர்களின் வெற்று வாக்குறுதிகள் மீது இளைஞர்களுக்குக் கோபம் இருப்பதையும், ஆனால் தாம் கோபத்தில் நேரம் கழிக்காமல் செயலில் இறங்க விரும்புவதையும் அங்கே சொன்னார்.

விருதுகளைவிட நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, அவர் தம் தெருவிலிருந்து தொடங்கினார். இரண்டு, தொழிலாளியைக் குற்றம் சொல்லவில்லை. அவருடைய பிழைப்பு கெடாமல், இன்னும் சிறக்கும்படி வழி தேடினார். மூன்று, பெரியவர்கள் அவரைக் காது கொடுத்துக் கேட்டார்கள். யோசனை சிறுமியுடையது. ஆனால் அதை வண்டியாக உருவாக்க ஒரு நிறுவனத்தின் துணை தேவைப்பட்டது. இந்த மூன்றாவதுதான் நமக்குரிய வேலை.

அண்டை மாவட்டமான செங்கல்பட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் மரங்கள் சாய்ந்ததைக் கண்ட பிரசித்தி சிங் என்ற சிறுமி, பழமரத் தோப்புகளை உருவாக்கத் தொடங்கினார். 2021-இல் பிரதமரின் தேசியச் சிறார் விருது பெற்றபோது அவர் இன்னும் தொடக்கப் பள்ளி வயதைத் தாண்டவில்லை.

இளையோரைச் சபையில் அமர்த்திய முன்மாதிரி

“சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்ற கேள்வி நமக்குப் பழகிய ஒன்று. இது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் சபையிலும் எழுந்தது. பத்ருப் போரில் கலந்துகொண்ட மூத்தவர்களுடன் இளைஞர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் உமர் அமர்த்தினார்கள். எங்களுக்கும் இவர் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சிலர் கேட்டனர். உமர் (ரலி) வாதம் செய்யவில்லை. ‘நஸ்ர்’ அத்தியாயத்தின் பொருள் என்ன என்று சபையைக் கேட்டார்கள். மற்றவர்கள் சொல்லாத நுட்பமான கருத்தை, அது நபி (ஸல்) அவர்களின் வாழ்நாள் நிறைவை உணர்த்துகிறது என்பதை, இப்னு அப்பாஸ் சொன்னார்கள். தாமும் அதையே அறிந்திருப்பதாக உமர் உறுதி செய்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

இந்தச் சம்பவத்தில் நமக்கு ஒரு முறை கிடைக்கிறது. இளையவரை உட்கார வைக்க வேண்டும். அவரிடம் உண்மையான கேள்வியைக் கேட்க வேண்டும். பதில் சரியென்றால் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும், தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அது மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 1992-இல் இந்தியா அதை ஏற்றது. 2023-இல் அந்த உரிமையைச் சுற்றுச்சூழலுக்கும் பருவநிலைக்கும் விரித்து, ஐ.நா. குழுவொன்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

இங்கே என்ன செய்யலாம்?

மரக்கன்றைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதோடு பல நிகழ்ச்சிகள் முடிந்துவிடுகின்றன. மறுவாரம் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருப்பதில்லை. பிள்ளைகளுக்குத் தலைமை கொடுப்பது என்றால் பொறுப்பையும் முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுப்பதாகும். நான்கு வேலைகளைப் பரிந்துரைக்கிறோம்.

1. ஒளுத் தண்ணீர்க் கணக்கு: நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு தண்ணீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸ் உண்டு. இரு கைகளும் கொள்ளும் அளவு அது. ஒரு லிட்டருக்கும் குறைவு. குழாயைத் திறந்து வைத்து ஒளுச் செய்யும்போது எவ்வளவு போகிறது? மதரஸாப் பிள்ளைகள் குழாயின் கீழே வாளியை வைத்து அளக்கட்டும். ஒருவர் ஒரு வேளைக்கு 3 லிட்டர் மிச்சம் பிடித்தால் ஐந்து வேளைக்கு 15 லிட்டர். ஐம்பது பேருக்கு நாளொன்றுக்கு 750 லிட்டர். பிள்ளைகள் தாங்களே அளந்த கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் எழுதட்டும். ஒளுத் தண்ணீரைச் செடிகளுக்குத் திருப்ப முடியுமா என்பதையும் அவர்களே வரைந்து காட்டட்டும்.

2. விருந்தில் நெகிழியை நிறுத்துதல்: ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. ஆனாலும் நிக்காஹ் விருந்திலும் நோன்புக் கஞ்சியிலும் நெகிழிக் குவளை எளிதில் நுழைந்துவிடுகிறது. இந்த ரமலானில் கஞ்சிக்கு வீட்டுப் பாத்திரம் கொண்டுவரச் சொல்லும் பொறுப்பை இளைஞர் குழுவிடமே விடுவோம்.

3. நீர்நிலைப் பதிவேடு: காஞ்சிபுரம் ஏரிகள் நிறைந்த மாவட்டம். மழைக்கு முன்னும் பின்னும் தங்கள் ஊர் ஏரி, குளம், வரத்துக் கால்வாய் ஆகியவற்றின் நிலையைப் பிள்ளைகள் படமும் தேதியுமாகக் குறித்து வைக்கட்டும். கால்வாயில் எங்கே குப்பை அடைத்திருக்கிறது, சாயத் தண்ணீர் எங்கே கலக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் கிராமசபை கூடுகிறது. அந்தப் பதிவேட்டை மனுவாக்கி, வாக்குரிமை உள்ள பெற்றோர் அங்கே கொடுக்கலாம். திருப்புட்குழி போன்ற பழமையான ஊரின் நீர்நிலை எல்லாச் சமயத்தாருக்கும் பொது. எனவே இதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

4. மரத்துக்கு ஒரு பொறுப்பாளி: வேம்பு, புங்கன், நாவல் போன்ற நம் மண்ணின் மரங்களை நடுவோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையின் பெயர், இரண்டு கோடைகள் வரை தண்ணீர் ஊற்றும் கடமை. மரம் நட்டவரின் பலனை மனிதனோ பறவையோ உண்டாலும் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியைச் சொல்லிக் கொடுப்போம்.

பெரியவர்கள் மறக்கக்கூடாதவை

பிள்ளைகளை முன்னால் நிறுத்திவிட்டு நாம் பின்வாங்கக் கூடாது. மோட்டார் பைக்கை நிறுத்த வேண்டியவர்களும் மின்கட்டணம் கட்டுபவர்களும் நாம்தான். நீர்நிலை அருகே பெரியவர் துணையின்றி அவர்களை அனுப்பக் கூடாது. படிப்பு கெடக் கூடாது. பள்ளியில் தேசியப் பசுமைப் படை இருந்தால் அதில் சேர்த்துவிடலாம். பெண் பிள்ளைகளை உறுதிமொழி வாசிக்க மட்டும் அழைக்காமல், திட்டமிடும் இடத்திலும் அமர்த்துவோம். வினிஷாவும் பிரசித்தியும் பெண் பிள்ளைகளே. உலகம் அழிந்துவிடும் என்று பயமுறுத்துவதும் வேண்டாம். பயந்த பிள்ளை ஒடுங்கிவிடும். ஒரு வேலையை முடித்துப் பார்த்த பிள்ளை அடுத்ததைத் தானே தேடும்.

வீட்டில் பேசுவதற்குச் சில கேள்விகள்

- நம் தெருவில் தினமும் பார்த்தும் நாம் யோசிக்காத தீங்கு எது?
- நம் வீட்டில் ஒரு நாளில் அதிகம் வீணாவது எது? தண்ணீரா, மின்சாரமா, உணவா?
- அதை மாற்றும்போது யாருடைய பிழைப்பாவது பாதிக்கப்படுமா? அவருக்கு நாம் எப்படி உதவலாம்?
- இந்தக் குடும்பத்தில் பிள்ளைகளின் முடிவுக்கே விட்டுவிடக்கூடிய ஒரு விஷயம் எது?

கடைசிக் கேள்விக்குப் பெற்றோர்கள் முதலில் பதில் சொல்லுங்கள். சொன்னதை இந்த வாரமே நிறைவேற்றுங்கள். அல்லாஹ் நமக்கு அமானிதமாகத் தந்த பூமியையும் பிள்ளைகளையும் பேணிக் காக்க அவனே அருள் புரிவானாக. ஆமீன்.