கண்மாயில் ஒரு புது வாத்து

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் ஊர்க் கண்மாயில் புள்ளிமூக்கு வாத்துகளுக்கு நடுவே மிதந்த அந்தப் பழுப்பு வாத்து எந்தப் புத்தகப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை, அபூர்வப் பறவைதான் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

முதலில் மாதத்தைப் பார். இது ஐப்பசியில் எடுத்த படம். வடக்கே இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பகட்டான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போல மங்கிப்போகும். சிறகின் பெரிய இறகுகளும் ஒரே சமயத்தில் உதிர்வதால் சில வாரங்கள் பறக்கவே முடியாது. அப்போது எதிரியின் கண்ணில் படாமல் பிழைக்க இந்த மங்கல் கோலம் உதவுகிறது. மற்ற வாத்துகள் கொஞ்சம் சீக்கிரமே பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். நீலச்சிறகி என்ற வாத்துக்கு அந்த அவசரம் கிடையாது. பனிக்காலத்தில் பெரும்பகுதியை இப்படியே கழித்துவிடும். புத்தகத்தில் அச்சிடுவதோ வெள்ளைப் புருவம் தீட்டிய மாப்பிள்ளைக் கோலத்தை! நீ குழம்பியதில் வியப்பில்லை.

உன் படத்தில் கண்ணை ஊடுருவிப் போகும் கருங்கோடும், அலகின் அடியில் வெளிர் திட்டும் தெரிகின்றன. எனக்கு நீலச்சிறகி என்றே படுகிறது. ஆண்தானா என்று உறுதியாகச் சொல்லச் சிறகு விரிந்த படம் வேண்டும். மங்கல் கோலத்திலும் ஆணின் சிறகு மாறாது: முன்பகுதி நீலம் கலந்த வெளிர்சாம்பல், அதன் பின்னே இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே பச்சை.

அதற்காகக் கல்லெறிந்து கிளப்பிவிடாதே. சிலர் அப்படிச் செய்வதைப் பார்த்திருப்பாய்; எனக்கு அவர்களோடு பேசவே பிடிப்பதில்லை. அத்தனை தூரம் பறந்து வந்தது இங்கே தின்று தேறுவதற்கு. குளித்து, இறகு கோதி முடித்ததும் வாத்து தானாகவே எழும்பிச் சிறகை உதறும். கோத ஆரம்பித்ததும் ஷட்டர் வேகத்தை 1/2000க்கு ஏற்றி, தொடர் படப்பிடிப்பில் வைத்துக் காத்திரு. காலையில் கிழக்குக் கரையில் உட்கார்ந்தால் வெயில் உன் முதுகில் விழும். நிற்காதே, உட்கார், லென்ஸ் நீர்மட்டத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று: வாத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறாய். புள்ளிமூக்கு சுமார் 60 செ.மீ., நீலச்சிறகி சுமார் 40 செ.மீ. இரண்டும் ஒரே சட்டகத்தில் இருந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். அழகுக்கு ஒரு படம் எடுத்துக்கொள், அடையாளத்துக்கு நாலு படம் எடு.

சில நேரம் வாத்து உண்மையாகவே வேற்றூர்க்காரனாக இருக்கும். அப்போது காலில் வளையம் இருக்கிறதா என்று பார். 2018 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் குளத்தில் ஒரு மாண்டரின் வாத்து தோன்றியதும் ஊரே கேமராவோடு திரண்டது. அதன் காலில் வளையம் இருந்தது. யாரோ வளர்த்த வாத்து தப்பி வந்ததாகவே கருதினார்கள். 2021 பிப்ரவரியில் அதே இனம் அசாமின் தின்சுகியா பக்கம் மாகுரி ஏரியில் வந்து இறங்கியபோது அதற்கு வேறு மதிப்பு. அந்தப் பகுதியில் அதற்கு முன் அதைப் பார்த்ததாகப் பதிவானது 1902இல். நம் பக்கம் தப்பி வருவது பெரும்பாலும் மேய்ச்சல் வாத்துதான். அறுத்த வயலில் மேய வந்த கூட்டத்திலிருந்து பிரிந்த ஆண் வாத்து என்றால் வால்மேல் இறகு சுருண்டிருக்கும். முகமெல்லாம் சிவப்பு மரு என்றால் அது மணிலா வாத்து. இவற்றையும் படமெடு, ஆனால் அபூர்வம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடாதே.

புள்ளிமூக்கைப் பார்த்துச் சலித்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். அதன் ஒவ்வொரு அசைவும் உனக்குப் பழகியதால்தானே அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறாகத் தெரிந்தது?

மாசியில் மறுபடி அதே கரைக்குப் போ. அது அங்கேயே தங்கியிருந்தால், ஆணாகவும் இருந்தால், புருவம் வெளுத்திருக்கும். எடுத்த படங்களை வெட்டாமல், தேதியோடு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்