பின்சக்கரத்துக் காற்று



தம்பி, அருப்புக்கோட்டையில் பட்டறை தொடங்கி, காலால் நடக்க இயலாதவர்களின் பக்கச்சக்கர ஸ்கூட்டர்களைச் செப்பனிடுவதையே பிரதான தொழிலாகக் கொண்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தால் அறிந்து நான் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று. மேல்நாட்டு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களின் பின்புறத்தில் இருப்பதைப் போன்ற காற்றடைக்கும் ஷாக் அப்சார்பரைத் தம் வண்டியின் பக்கச்சக்கரங்களில் பொருத்திக்கொண்டு ஒருவர் உன்னிடம் வந்திருக்கிறார் என்றும், அதில் எத்தனை பவுண்டு காற்று வைப்பது என்றும் கேட்டிருக்கிறாய். ஓர் எண்ணை எழுதி அனுப்புவது எனக்குச் சுலபம். ஆனால் அந்த எண், அவர் நாளைக்கு ஒரு நூல் சிப்பத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு பரளச்சிப் பக்கம் புறப்பட்ட மாத்திரத்திலேயே பொய்யாகிவிடும். ஆதலால் எண்ணை நீயே கண்டறிவதற்கு வேண்டிய விஷயங்களை, எனக்குத் தெரிந்த மட்டில், சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

அடைபட்ட காற்றுக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பெல்ஃபாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறு மகன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் அதிராமல் ஓடவேண்டும் என்ற வாஞ்சையினால் ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றி, 1888இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1980இல் வந்த ஹோண்டா கோல்ட்விங் ஜிஎல்1100 என்னும் கனரக மோட்டார் சைக்கிள் முன்னும் பின்னும் காற்றடைத்த சஸ்பென்ஷனோடு வெளிவந்தது. 2009ஆம் ஆண்டு மாடலாக ஹார்லி டேவிட்சன் கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்த ட்ரை க்ளைட் என்னும் மூன்று சக்கர வண்டியிலும் பின்புறத்தில் காற்று ஷாக்குகளே இருந்தன. நம் ஊரில் சிலர் ‘கேஸ் ஷாக்’ என்று சொல்லுவது இதன்று. அது நைட்ரஜன் வாயுவை ஆலையிலேயே அடைத்து மூடிவிட்ட சாதனம். அதைத் திறக்கவோ அதில் காற்றேற்றவோ ஒருபோதும் முற்படாதே. வால்வு வைத்து, வெளியிலிருந்து அளவைக் கூட்டவும் குறைக்கவும் கூடியதாய்ச் செய்யப்பட்டதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஸ்கூட்டரின் இரும்புச் சுருள் ஸ்பிரிங்குக்குக் கீழே படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று இருப்பதையும், அதைத் திருகுசாவியால் திருப்பினால் வண்டியின் பின்புறம் உயர்வதையும் நீ அறிவாய். அந்த வளையம் உயரத்தை மாற்றுமேயன்றி ஸ்பிரிங்கின் இயல்பான விறைப்பை மாற்றாது. காற்றின் குணமோ வேறு. அதைக் கூட்டினால் வண்டி உயர்வதோடு விறைப்பும் கூடவே ஏறுகிறது. அந்த விறைப்பும் ஒரே நிலையாய் நில்லாமல், அமுங்க அமுங்க வளர்ந்துகொண்டே போகிறது. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இதுதான்: காற்றிருக்கும் இடம் பாதியானால் அதன் அழுத்தம் இரட்டிக்கும். ஆனால் இங்கே ஒரு சூட்சுமத்தைக் கவனிக்கவேண்டும். நம் கேஜ் காட்டும் அளவு, சுற்றியுள்ள வாயுமண்டலத்தின் 14.7 பவுண்டை நீக்கிக் காட்டும் அளவு. ஆகவே, சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு என்று கேஜ் காட்டுகிற காற்று உண்மையில் 34.7 பவுண்டு, பள்ளத்தில் சக்கரம் விழுந்து அக்காற்று பாதி இடத்துக்கு நசுங்கும்போது கேஜ் 40 காட்டாது, ஏறத்தாழ 55 காட்டும். சிறு குண்டுங்குழியில் மெத்தென்றிருந்த வண்டி, பெரும் பள்ளத்தில் தரை தட்டாமல் தாங்கிக்கொள்வது இந்தக் குணத்தினால்தான். தொடக்கத்திலேயே காற்றை அதிகமாக வைத்தவன் வண்டியில் அந்த மெத்தென்ற பாகமே இல்லாமற்போவதும் இதே குணத்தினால்தான்.

உஷ்ணத்தையும் நீ கணக்கில் கொள்ளவேண்டும். நம் சீமையில் விடியற்காலையில் 25 டிகிரியாக இருப்பது பிற்பகலில் 40க்குப் போவது சித்திரை வைகாசியில் சாதாரணம். காலையில் 30 பவுண்டு வைத்த காற்று, வேறு ஒன்றும் செய்யாமலே மத்தியானத்தில் 32 பவுண்டைத் தாண்டி நிற்கும். பிற்பகலில் வெயிலில் ஓடிவந்து நின்ற வண்டியில் 30 வைத்து அனுப்பினாயானால், மறுநாள் விடியலில் மல்லிகைப்பூ மூட்டையோடு சந்தைக்குக் கிளம்புகிறவருக்கு 28க்குக் குறைவாகவே இருக்கும். ஆகையினால் எப்பொழுதும் காலையில், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, நிழலில் வைத்தே அளவைப் பார்.

பட்டறையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இதன் அருகே கொண்டுவராதே. ஷாக்கின் உள்ளே காற்றுக்குள்ள இடம் மிகச் சொற்பம். கம்ப்ரஸரின் குழாயை ஒரு கணம் வைத்தாலே அளவு எங்கோ போய், எண்ணெய்ச் சீல் பிய்ந்துவிடும். அந்தக் காற்றோடு வரும் நீர்த்திவலைகள் உள்ளே துருவையும் உண்டாக்கும். கேஜ் பொருத்திய சிறு கைப்பம்பு ஒன்று வாங்கி வைத்துக்கொள். அதை வால்வில் திருகியவுடனே ஷாக்கிலிருந்து கொஞ்சம் காற்று பம்பின் குழாய்க்குள் போய்விடுமாதலால், அப்போது முள் காட்டுவது முன்பிருந்த அளவன்று. அதைப் பார்த்துக் ‘காற்று இறங்கியிருக்கிறது’ என்று முடிவு கட்டி வண்டிக்காரரைப் பயமுறுத்தாதே. செய்தவர்கள் குறித்திருக்கும் உச்ச அளவு எதுவோ அதை எக்காரணம் பற்றியும் மீறாதே. காற்று சுமையைத் தாங்குமே தவிர, துள்ளலை அடக்காது. அடக்குவது உள்ளேயிருக்கும் எண்ணெய். எண்ணெய் ஒழுகுகிற ஷாக்கில் கூடுதலாகக் காற்றை ஏற்றிச் சமாளித்து அனுப்புகிற வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதை நான் பெருந்தவறென்றே கருதுகிறேன், ஏனெனில் அந்த வண்டி முன்னைவிடப் பலமாகத் துள்ளும்.

இனி, உன்னிடம் வந்திருக்கும் வண்டியின் விசேஷத்துக்கு வருகிறேன். மேல்நாட்டு மூன்று சக்கர வண்டியில் பின்னிரண்டு சக்கரங்களே வண்டியை உந்துகின்றன. நம்முடைய பக்கச்சக்கர ஸ்கூட்டரில், ஆலையில் பொருத்திய நடுச்சக்கரம் அப்படியே இருக்க, அதன் இரு புறமும் இரண்டு சக்கரங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உந்துவது நடுச்சக்கரம், பின் பிரேக் பிடிப்பதும் நடுச்சக்கரம். பக்கத்து ஷாக்குகளில் காற்றை ஏற்ற ஏற்ற, அவை வண்டியைத் தூக்கி நடுச்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைக் குறைத்துவிடும். பாரம் குறைந்த சக்கரம் தரையைக் கவ்வாது. உன் கேள்விக்கு இதுதான் மையமான விடை: பக்கத்துக் காற்றின் மேல் எல்லையை நிர்ணயிப்பது பிரயாணியின் சௌகரியம் மட்டுமன்று, நடுச்சக்கரத்தின் பிடிப்பும் ஆகும்.

இதை நம் மண் வெகு கண்டிப்பாகவே சோதித்துவிடும். கரிசல், மழையில் ஊதி, கோடையில் பாளம் பாளமாக வெடிப்பது. அதன்மேல் போட்ட தார்ச்சாலையும் அதனோடு ஊதி இறங்கி அலையலையாகிவிடுகிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நாற்கரச் சாலையில் பந்தல்குடி வரையில் சுகமாக ஓடும் வண்டி, அதைவிட்டு விலகித் திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்துக் கிராமப் பாதைகளில் இறங்கியதும் வேறு வண்டியாகிறது. இரு சக்கர வண்டிக்கு வேண்டுவது ஒரே ஒரு தடம், காருக்கு இரண்டு. இந்த ஸ்கூட்டரோ மூன்று தடங்களில் ஓடுவது. டிராக்டர் போய்ப் போய்ப் பள்ளமான இரு தடங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் மண்ணில் முன்சக்கரமும் நடுச்சக்கரமும் ஏற, பக்கச்சக்கரங்கள் பள்ளத்தில் தொங்கும்; சிறிது தூரத்திலேயே பாதை மாறி, பக்கச்சக்கரங்கள் மேட்டில் ஏற, நடுச்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். ஐப்பசி மழையில் நனைந்த கரிசலில் இப்படி நின்றுவிட்ட வண்டியை இறங்கித் தள்ளுவதற்கு அதன் சொந்தக்காரரால் முடியாது என்பதை நீ எப்போதும் நினைவில் வைக்கவேண்டும். அவரை அமரச் செய்து, வழக்கமான சுமையையும் ஏற்றி, பொலபொலத்த மண்ணில் மெல்ல ஓட்டிப் பார்க்கச் சொல். நடுச்சக்கரம் வீணே சுழன்றால் பக்கத்துக் காற்று அதிகம். நனைந்த தரையில் பின் பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்தச் சொல்; சக்கரம் இழுபட்டுக்கொண்டு போனாலும் அதிகமே.

இடதையும் வலதையும் ஒரே குழாயால் இணைத்து ஒரே வால்வு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தாய். கூடாது. இரு சக்கர மோட்டார் சைக்கிளில் பின்னாலுள்ள இரண்டு ஷாக்குகளும் ஒன்றாகவே அமுங்கி ஒன்றாகவே எழுவதால் அங்கே அது பொருந்தும். தனித்தனியே அசையும் பக்கச்சக்கரங்களிலோ, வளைவில் வண்டி வெளிப்புறம் சாயும்போது, அமுங்குகிற ஷாக்கின் காற்று குழாய் வழியே எதிர்ப்புறத்துக்கு ஓடி, சாய்வுக்கே துணை செய்துவிடும். முன்னால் ஒற்றைச் சக்கரமுள்ள வண்டி நிற்கும் இடம் ஒரு முக்கோணம். அதன் எல்லை முன்னுக்குப் போகப் போகக் குறுகுவதனால், வளைவில் கவிழும் அபாயம் கார்களைவிட இதற்கு அதிகம். தனித்தனி வால்வே இருக்கட்டும். இரு பக்கமும் சம அளவே பொது விதி. ஆனால் முதுகெலும்பு வளைந்து ஒரு புறமாகவே பாரம் வைத்து அமர்பவர் உண்டு. அவர் அமர்ந்த நிலையில் இரு பக்கத்து உயரத்தையும் டேப் வைத்து அளந்து, அவை சமமாகும்படி காற்றில் சிறிதளவு வேறுபாடு வைப்பது தகும்.

உயரம் அளக்கும் முறை மிக எளிது. ஆளும் சுமையும் இல்லாமல் அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் உள்ள தூரத்தைக் குறி. ஆளும் சுமையும் ஏறியபின் மறுபடியும் குறி. ஷாக் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வண்டி அமர்ந்திருந்தால் தொடக்கத்துக்கு அது போதும். அதிகமாக அமர்ந்தால் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் சொன்ன சொல் கேளாது. இதற்கெல்லாம் முன்பாக டயர்க் காற்றைப் பார்த்துவிடு. ஆக்டிவா போன்ற ஸ்கூட்டருக்குப் பின்சக்கரத்தில் ஓட்டுகிறவர் மட்டும் என்றால் 29 பவுண்டும், பின்னால் ஒருவர் இருந்தால் 36 பவுண்டும் செய்தவர்களே சொல்லியிருக்கும் அளவுகள். நடுச்சக்கரத்து டயர் தளர்ந்திருக்கும்போது ஷாக்கில் எந்த அளவு வைத்தாலும் அது பொய்க்கணக்கு.

யந்திரத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். அதன்மேல் அமர்கிற சரீரத்தைப் பற்றி எழுதாவிட்டால் இக்கடிதத்துக்கு அர்த்தமில்லை. உன்னையும் என்னையும் போன்றவர்கள் பள்ளத்தைக் கண்டால், நம்மை அறியாமலே காலை ஊன்றி ஆசனத்திலிருந்து சற்று எழும்பிக்கொள்கிறோம். அதிர்ச்சியின் பெரும்பகுதியை முழங்கால்கள் வாங்கிக்கொள்கின்றன. இளம்பிள்ளைவாதத்தில் கால்கள் சூம்பியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தியாவில் இயற்கையாய்ப் பரவும் கிருமியால் அந்நோய் கண்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டு, 2014இல் நாடு அதனின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 1995இல் தேசமெங்கும் ஒரே நாளில் சொட்டுமருந்து கொடுக்கும் இயக்கம் தொடங்குமுன் அந்நோய்க்கு ஆளானவர்களில் பலர் இன்று நடுவயதைக் கடந்தும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்டிக்கடைக்குச் சரக்கும், விசைத்தறிக்குப் பாவு நூலும் ஏற்றிக்கொண்டு உன் பட்டறை வாசலில் வந்து நிற்பவர்களில் பலர் அவர்களே. ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேரே அவர்களுடைய முதுகுத்தண்டில் இறங்குகிறது.

முதுகுத்தண்டு முறிந்தவர்களின் நிலை இன்னும் கடினமானது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு ஆசனம் குத்துவதும் தோல் நைவதும் தெரியாது. வலி சொல்லவேண்டியதைப் புண் வந்தபிறகே கண் காணும். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, பின்பு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ரணசிகிச்சை செய்தவர்; 1966இல் வேலூரில் எழுந்த புனர்வாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பலன். உணர்ச்சி இழந்த இத்தகையோருக்கு அவ்வப்போது கைகளை ஊன்றி உடலைத் தூக்கி அமரவேண்டும் என்று மருத்துவர்கள் போதிக்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டியில் அது கூடுவதில்லை. ‘நன்றாயிருக்கிறது அண்ணே, ஒன்றும் தெரியவில்லை’ என்று அவர் சொல்வதை மெத்தென்றிருப்பதற்கு அத்தாட்சியாகக் கொள்ளாமல், ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அதன் தண்டில் கட்டிய ஒரு ரப்பர் வளையத்தால் நீயே பார்த்துக்கொள்ளவேண்டும். வீட்டில் தோலைப் பார்த்துச் சொல்லும்படி அவர் மனைவியிடமோ தாயாரிடமோ சொல்லிவை.

ஒருவருக்குச் சரியான அளவைக் கண்டபின், அதை ஒரு நோட்டில் அவர் பெயரோடும், சுமையோடும், போகும் பாதையோடும் எழுதிவை. வண்டியின் அமைப்பையே மாற்றுகிற வேலையானால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடு. விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் மறுக்கப்படும்போது துன்பப்படப்போகிறவர் அவர்தான். உன்னிடம் வந்திருக்கும் வண்டிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று உன் கடிதத்தில் எழுதவில்லை. முதலில் அதைக் கேள்.

புரட்டாசி முடிந்து மழை இறங்குமுன்பு, உன் நோட்டில் பெயருள்ள அத்தனை பேரையும் ஒருமுறை வரவழைத்துப் பார்த்துவிடு. வெயில் தணியும்போது காற்றின் அளவும் இறங்கியிருக்கும், ஊதிய கரிசலும் அப்போதுதான் வழுக்கத் தொடங்கும். அந்த வேலைக்கு அவர்களிடம் கூலி வாங்காதே.