செவ்வந்திப் பயிரும் பருவத்துக் கடனும்

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிணற்றுப் பாசன நிலங்களில் குண்டுமல்லி பங்குனி முதல் ஆனி வரையில் மிகுதியாய்ப் பூக்கும். மழையும் பனியும் வந்தால் மொட்டு அருகிவிடும். அக்காலத்தில்தான் ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகை தீபம் முதலிய பண்டிகைகள் அடுத்தடுத்து வருகின்றன. அப்பொழுது சேலம் வ. உ. சி. பூ மார்க்கெட்டுக்கு நிறம் தருபவை செவ்வந்தி, துலுக்கச் சாமந்தி, கோழிக்கொண்டை முதலிய பூக்களாம்.

இவற்றுள் செவ்வந்தியின் இயல்பை அறிதல் மிக அவசியம். அது தன் வயதை எண்ணிப் பூப்பதன்று. பகல் குறுகி இரவு நீளுவதைக் கண்டு பூப்பது. 1920-ல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்னும் இருவர் புகையிலைச் செடி முதலியவற்றில் இவ்வுண்மையைக் கண்டு வெளியிட்டனர். சேலத்தில் ஆனி மாதத்துப் பகல் சுமார் 12¾ மணி. மார்கழியில் சுமார் 11½ மணி. வித்தியாசம் சொற்பமே; எனினும் செடி அதை அறிகிறது.

ஆகையால் ஆனியில் நட்ட கன்றும் புரட்டாசியில் நட்ட கன்றும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் மொட்டு விடும். முன்னது கிளைத்துப் படர்ந்து பல பூக்களைத் தாங்கும். பின்னது வளருமுன்பே சில பூக்களோடு நின்றுவிடும். எருவை இரட்டித்தாலும் இழந்த நாட்கள் திரும்பி வாரா.

சங்கத்தில் கடன் கோரும் அங்கத்தினர் இதனைக் கவனிக்க வேண்டும். ஆடிப்பெருக்குக்குப் பின் மனுக் கொடுத்து ஆவணி முடிவில் பணம் பெறுபவர், பணத்தைப் பெற்றும் பருவத்தை இழந்தவரே ஆவார். அவசரத்தில் பூ மண்டியில் முன்பணம் வாங்கினாலோ, பூவை அம்மண்டிக்கே, அவர்கள் சொன்ன விலைக்கே போட வேண்டியதாகும். சிட்டா, அடங்கல் நகல்களுடன் வைகாசியிலேயே மனுவைக் கொடுத்தல் நலம். நிர்வாக சபையாரும் அம்மாதத்திலேயே கூடித் தீர்மானித்தாலன்றி அதனால் பயனில்லை.

நடுவதற்குச் சென்ற வருஷத்துச் செடியின் அடியில் கிளைத்த பக்கக் கன்றுகளே போதும். பாரின் பக்கத்தில் அடிக்கு ஒன்றாக நட்டு, நாலு வாரத்தில் நுனியைக் கிள்ளுக. தழைத்து வரும் குருத்தைக் கிள்ளப் பலருக்கும் மனம் வராது. கிள்ளாத செடியோ கிளை குறைந்து நெட்டையாய் உயரும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகுமாதலால், புரட்டாசி மழைக்கு முன்பே வடிகால் வெட்டி வைக்க.

துலுக்கச் சாமந்தி அவ்வளவு கண்டிப்புடையதன்று. நட்டுச் சுமார் இரண்டு மாதத்தில் பூக்கும். பதினைந்து நாள் இடைவிட்டுத் தவணை தவணையாய் நட்டால், பண்டிகை கழிந்து விலை விழும் நாளில் எல்லாப் பூவும் ஒருங்கே வந்து நில்லா. அதன் வேர், தக்காளி வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவைக் குறைக்கும் குணமுடையது. தக்காளி நட இருக்கும் பாத்தியில் அதை முந்திப் போடுவது நன்று.