உஷ்ணத்துக்குக் கொடுக்கும் விலை

மலேசியாவின் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் மின்சாரம் தோட்டத்து இன்ஜினிலிருந்தே வந்துகொண்டிருந்த காலத்தில், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன் சிறிது நேரமும் அந்தி சாய்ந்தபின் சில மணி நேரமும் தொழிலாளர் லயங்களில் விளக்கெரியும். இன்ஜின் நின்றதும் வீடுகள் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பிவிடும். ஆகையால், பீடோங்கிலோ பாடாங் செராயிலோ கோல கெட்டிலிலோ வளர்ந்த பெரியவர்களுக்குச் சிக்கனம் என்றதும் விளக்கை அணைப்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. குடும்பம் சுங்கை பட்டாணியில் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதி ஒன்றுக்குக் குடிபெயர்ந்து வந்த பிறகும், “ஏம்மா, ஆளில்லாத ரூமுல லைட்டு எதுக்கு?” என்று பேத்தியைக் கேட்கும் பாட்டியின் குரல் ஓய்வதில்லை. பழக்கம் நல்லதுதான், ஆயினும் கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. வாசலில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாள்தோறும் 12 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்தான் ஆகும். அதே வீட்டில் நான்கு பேர் 3.5 கிலோவாட் வெந்நீர்க் கருவியில் தினமும் ஆளுக்குப் பத்து நிமிஷம் குளித்தால் 70 யூனிட் போய்விடும். உஷ்ணத்தை உண்டாக்குவதற்கும், உண்டான உஷ்ணத்தை வெளியேற்றுவதற்கும் நாம் செலுத்தும் பணமே பெரும்பணம் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு மேற்கொண்டு செய்யவேண்டியவற்றைப் பார்க்கலாம்.

முதல் வேலை, எதையும் வாங்குவதன்று, மீட்டரைப் படிப்பது. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரவு படுக்கப் போகுமுன் மீட்டரிலுள்ள எண்ணையும், காலையில் எழுந்தவுடன் உள்ள எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து, ஒரு வாரம் அவ்விதம் செய்துவந்தால், யாரும் கண் விழித்திராத நேரத்தில் வீடு எவ்வளவு விழுங்குகிறது என்பது தெரியவரும். அடுத்து, குளிர்ப்பெட்டி ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றின் சுவிட்சையும் சுவரிலேயே அணைத்துவிட்டு இன்னோர் இரவு பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் குளிர்சாதனமும் மின்விசிறியும் அடங்கும். அவற்றோடு, தொலைக்காட்சிக்குக் கீழே சிவப்புப் பொட்டோடு விழித்திருக்கும் பெட்டிகளின் பங்கும் சேர்ந்திருக்கும். பத்து வாட் இழுக்கும் பெட்டி இரவும் பகலும் இணைப்பில் இருந்தால் மாதத்துக்கு ஏழு யூனிட்டுக்கு மேல் ஆகிறது. வாசல் விளக்கைப்போல் இரு மடங்கு!

இந்தக் கணக்கு இப்போது முன்னைவிட அவசியமாகிவிட்டது. 1949-இல் மத்திய மின்சார வாரியமாகத் தொடங்கி, பின்பு தேசிய மின்சார வாரியமாகி, 1990 முதல் தெனாகா நேஷனலாக விளங்கும் நிறுவனத்தின் கட்டண முறை 2025 ஜூலை 1 முதல் மாறியிருக்கிறது. மாதம் 1,000 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்குச் சிக்கன ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. உபயோகம் குறையக் குறைய யூனிட்டுக்கான கழிவு கூடி, 200 யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டுக்கு அது 25 சென்னாகிறது. 600 யூனிட்டைத் தாண்டினாலோ, மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும், தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே 610 யூனிட் வரும் வீட்டார், அந்தப் பத்துப் பன்னிரண்டு யூனிட்டைக் குறைப்பதற்கு எடுத்துக்கொள்ளும் சிரமம் வீண்போகாது.

இரண்டாவது, வீட்டுக்குள் உஷ்ணம் புகுவதைத் தடுப்பது. இதை முடிக்காமல் குளிர்சாதனத்தைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனமில்லை. பழைய லயத்து வீட்டுக்குக் குறைகள் ஆயிரம் உண்டு, தகரக்கூரையின் கொடுமை உட்பட. ஆனாலும் பலகைச் சுவரின் இடுக்குகளிலும் கூரைக்கடியில் விட்ட திறப்புகளிலும் காற்று நடமாடி, பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் வீடு ஆறிவிடும். தாமான் வரிசை வீடோ, இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் அணைத்துக்கொள்ள, முன்னும் பின்னும் மாத்திரம் வாயில் கொண்டு, பகலெல்லாம் ஓட்டிலும் சிமெண்டிலும் ஏறிய வெயிலை நள்ளிரவு வரையில் அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை மழை அருகும் இந்த வடமாநிலத்தில் இது சாதாரணத் தொல்லையல்ல. 2016 ஏப்ரலில் வெப்பத்தின் கடுமையால் கெடாவிலும் பெர்லிசிலும் பள்ளிகளையே தற்காலிகமாக மூடவேண்டியிருந்தது.

மேற்குப் பார்த்த ஜன்னல்களுக்கு வெளிப்புறத்தில் மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் மறைக்கும். வெளியே கட்டிய தட்டி, வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே அதைத் தடுத்துவிடும். வெயிலேறும் நேரத்தில் ஜன்னல்களைச் சாத்தி, சூரியன் இறங்கியபின் முன்வாசலையும் பின்வாசலையும் ஒருசேரத் திறந்து, பின்கட்டில் ஒரு மேசை மின்விசிறியை வெளிப்புறம் பார்த்து வைத்தால், உள்ளேயிருக்கும் அனல் வெளியே தள்ளப்பட்டு முன்புறத்திலிருந்து குளிர்ந்த காற்று புகும். கையில் பணம் இருந்து, கூரையைப் பழுதுபார்க்கும் சந்தர்ப்பமும் வாய்த்தால், ஓட்டுக்கடியில் அலுமினியத் தாளும் பஞ்சு விரிப்பும் போடச் சொல்லுங்கள். புதிய குளிர்சாதனம் வாங்குவதற்கு முன் செய்யத்தக்க செலவு அதுவே என்பது என் அபிப்பிராயம்.

இதன்பின் குளிர்சாதனம். ஒரு குதிரைசக்திக் கருவி ஓடும்போது சுமார் 800 வாட் இழுக்கும். நிற்காமல் எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 190 யூனிட்டை எட்டிவிடும். அறை குளிர்ந்ததும் அது இளைப்பாறுவதற்கு நாம் இடங்கொடுக்க வேண்டும்: 18 டிகிரி என்று வைத்துவிட்டு மேலே கம்பளி போர்த்திக்கொள்வது வேடிக்கையான டாம்பீகம். அரசாங்க அலுவலகங்களுக்கே 24 டிகிரிக்குக் கீழே போகலாகாதென்று 2011-இல் அறிவுறுத்தினார்கள். வீட்டில் 25 அல்லது 26 வைத்து, 70 வாட் மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்குப் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். கதவுக்கடியில் உள்ள இடைவெளியைப் பழைய துணியைச் சுருட்டி அடைத்தாலும் குற்றமில்லை.

மூன்றாவது, வெந்நீர். கூரைமேல் தொட்டியிருக்கும் வீட்டில் மாலை நாலைந்து மணிக்குக் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் தானே வரும். குழந்தைகளையும் முதியவர்களையும் அந்த வேளையில் குளிப்பாட்டிவிட்டால் வெந்நீர்க் கருவிக்குப் பாதி வேலை குறையும். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சி, சாதாரண பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் இணைப்பிலேயே நின்று, யாரோ ஒருவர் கோப்பி கலக்கப் போகிறார் என்ற எதிர்பார்ப்பில் தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கும் மின்சாரப் பானை அநாவசியம். சோற்றுப் பானையும் அப்படியே: வெந்தபிறகு சூடாக வைப்பதற்கு 40 வாட் வீதம் பத்து மணி நேரம் விட்டால் மாதம் 12 யூனிட். சோறு வெந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, சாப்பிட்டது போக மிஞ்சியது ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் எடுத்து வைக்கவேண்டும். கெடாவின் வெக்கையில் அதை வெளியே கிடத்துவது உடம்புக்கு ஆகாது.

குளிர்ப்பெட்டியின் கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு ரிங்கிட் நோட்டே போதும்: நோட்டை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள், தடையின்றி வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்றவேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டவோ அடுப்புக்கருகே நிறுத்தவோ வேண்டாம். பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றை முன்னிரவே ஊறவைத்துக் குக்கரில் வேகவிட்டால் எரிவாயுத் தோம்பு இன்னும் சில நாள் கூடுதலாக வரும். துணியை வெயிலில் உலர்த்துவதையும், சீருடைகளை வாரத்துக்கு ஒரே தடவையாக இஸ்திரி போடுவதையும் நம் தாய்மார்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய கருவி பழுதாகிப் புதியது வாங்கும்போது, எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். குளிர்ப்பெட்டி, குளிர்சாதனம், தொலைக்காட்சி, மின்விசிறி, விளக்கு ஆகியவற்றுக்கு 2013 முதலே குறைந்தபட்சத் தரம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அதிகநேரம் ஓடும் கருவிக்கு ஐந்து நட்சத்திரம் தேடுங்கள். வருஷத்தில் சில மணி நேரமே சுழலும் மாவரைக்கும் யந்திரத்துக்காக அவ்வளவு யோசிக்கவேண்டாம்.

ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீட்டார்க்கு நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை கட்டணம் அதிகம். மற்ற நேரத்திலும் சனி ஞாயிறுகளிலும் குறைவு. கூலிம் தொழிற்சாலைகளில் முறைவேலை பார்க்கும் தம்பதியர், சலவையையும் இஸ்திரியையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி, குளிர்சாதனத்தை இரவு பத்துக்குப் பிறகே தொடுவார்களானால், இது அவர்களுக்கு ஏற்றது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளும் வயதான பெற்றோரும் பிற்பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் குடும்பம், நோட்டில் ஒரு மாதக் கணக்கை எழுதிப் பார்க்குமுன் அதில் சேரலாகாது.